பீரோவில் பூட்டிய ஒரிஜினல்

எங்கள் இல்லத்து நர்ஸ்களில் யாராவது வாரநாளில் நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு எதிரே வந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பெண் பார்க்க வருகிறார்களா, இல்லை இன்டர்வியூவுக்குப் போகிறாளா? எதுவாக இருந்தாலும் முடிவு ஒன்றுதான். ஒரு மாதத்துக்குள் பெட்டியைக் கட்டிவிடுவாள். "எங்க கண்ணு கெளம்பிட்ட?" என்று சிரித்துக்கொண்டே கேட்பேன். "கோயிலுக்குங்க மேடம்" என்பாள். கோயிலுக்குப் போகிறவள் கையில் ஃபைல் எதற்கு? அதைக் கேட்கமாட்டேன். அவள் ஏறிய பஸ் வளைவில் மறைகிறவரை வாசலில் நிற்பேன். சாயங்காலம் திரும்பி வருகிற பஸ்ஸின் ஹாரன் கேட்கும்வரை ஓரிடத்தில் உட்காரமாட்டேன்.

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் சாலையில், காபித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது நான் மேனேஜராக இருக்கும் முதியோர் இல்லம். முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒன்பது பேர் படுத்த படுக்கை. நடமாடுகிறவர்களை ஆயாம்மாக்களே பார்த்துக்கொள்வார்கள். மூக்கில் குழாய், சிறுநீர்க் குழாய், இன்சுலின், படுக்கைப் புண் என்று வந்துவிட்டால் படித்த நர்ஸ் இல்லாமல் ஒரு பொழுது ஓடாது. மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து நாலு நர்ஸ் வேண்டும். நான் இந்த வேலைக்கு வந்து ஏழு வருடமாகிறது. அந்த நாலு பேரும் சேர்ந்தாற்போல ஆறு மாதம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆள் பிடிப்பதும் என் வேலைதான். பிடிப்பது என்ற சொல்லைத் தெரிந்துதான் எழுதுகிறேன். வருடா வருடம் சித்திரையில் சேலம், நாமக்கல் பக்கத்து நர்சிங் பள்ளிகளுக்குப் போய், கடைசி வருடப் பெண்களை உட்காரவைத்துப் பேசுவேன். போனில் ஏற்காட்டு ஏரி, படகு, ரோஜாத் தோட்டம் எல்லாம் காட்டுவேன். ஏரி எங்கள் இல்லத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காததை நான் எதற்குச் சொல்ல வேண்டும்? வெயிலில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கிற பெண்களுக்குக் குளிர் என்ற சொல்லே போதும். வந்து சேர்வார்கள். ஐப்பசி பிறந்ததும் ஆரம்பிக்கும். பனிமூட்டம் ஜன்னலுக்குள் வரும். துவைத்த யூனிஃபார்ம் மூன்று நாளானாலும் காயாது. அம்மாவோடு போனில் பேச மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நிற்க வேண்டும். அழுவார்கள். ஒருத்தி வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனாள். அது நாகலூர் போய்த் திரும்புவதற்குள் நாங்கள் அவளுக்கு ஒரு டீ கொடுத்தோம். அதைக்கூட அவள் முழுதாகக் குடிக்கவில்லை.

இப்போது ஜெர்மனியில் நர்ஸ் வேலை என்ற ஆசை வேறு சேர்ந்துகொண்டது. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஜெர்மன் படிக்கிறார்கள். ஒருத்தி தினமும் காலையில் காது கேட்காத ஒரு பெரியவரிடம் "குட்டன் மோர்கன்" என்று ஜெர்மனில் காலை வணக்கம் சொல்லிப் பழகினாள். அவரும் "ஆச்சு கண்ணு, இட்லி சாப்பிட்டாச்சு" என்று சளைக்காமல் பதில் சொன்னார். அவருடைய மகன் இருப்பதும் வெளிநாட்டில்தான். பெற்ற பிள்ளையும் பறந்துவிட்டது, பார்த்துக்கொள்கிற பிள்ளையும் பறக்கப் போகிறது. யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் நான் எல்லோரையும் கோபித்துக்கொண்டேன்.

வந்தவர்களை நிறுத்திவைக்க எங்களிடம் ஒரு வழி இருந்தது. சேருகிற அன்றே மதிப்பெண் பட்டியல், டிப்ளமோ, நர்ஸ் பதிவுச் சான்றிதழ் என்று எல்லா ஒரிஜினலையும் வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவோம். இரண்டு வருடம் முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும். அது கையில் இல்லாமல் வேறு ஆஸ்பத்திரியில் சேர முடியாது. இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. எனக்கு முன்னால் இருந்த மேனேஜர் சாவிக்கொத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போன பழக்கம். இந்தத் தொழிலில் வேறு சில இடங்களிலும் உண்டு. தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். மனச்சாட்சி எழுந்து ஏதாவது சொல்ல வந்தால் அந்த ஒன்பது பேரைக் காட்டி, உட்கார் என்று அதட்டிவிடுவேன்.

நான் சேலத்துக்காரி. மலை ஈரத்தின் குணம் எனக்குத் தெரியாது. மழை வந்தால் காகிதம் நனையும், அதனால் பிளாஸ்டிக் கவரில் போட வேண்டும். என் அறிவு அவ்வளவுதான். ஒவ்வொருவர் ஃபைலையும் கவருக்குள் கவராகப் போட்டு, வாய்க்கு டேப் ஒட்டி, காற்றுப் புகாமல் கட்டி வைத்தேன். மலைக்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு எரியவிடுவார்கள். பட்டுப்புடவை, பத்திரம் எல்லாம் அந்தச் சூட்டில்தான் பூஞ்சை பிடிக்காமல் தப்பிக்கும். "நம்ம பீரோலயும் ஒரு பல்பு போட்டு வைங்க மேடம்" என்று ஒரு நர்ஸ் சொன்னாள். "அதுக்குள்ள யாரு கண்ணு உக்காந்து பாடம் படிக்கறாங்க?" என்று கேட்டுச் சிரித்தேன்.

அப்படிச் சொன்னவள் இந்த மலையிலேயே உள்ள கொட்டச்சேடு ஊர்ப் பெண். அப்பாவும் அம்மாவும் காபி எஸ்டேட்டில் வேலை. மலையிலிருந்தே எங்களுக்குக் கிடைத்த முதல் நர்ஸ் அவள்தான். அவளுக்குப் பனி ஒரு பொருட்டே இல்லை. அவள் சேர்ந்தபோது ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவருக்கு இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண் இருந்தது. முன்பிருந்த நர்ஸ் சொல்லாமல் ஓடிப்போன பிறகு, சரியாகத் திருப்பிப் படுக்கவைக்க ஆளில்லாமல் வந்த புண் அது. இவள் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் மணிக்கணக்கு எழுதிக் கட்டில் தலைமாட்டில் கட்டினாள். இரண்டு மணிக்கொரு தரம் இடம், வலம், மல்லாக்க. தன் டியூட்டி இல்லாத நேரத்திலும் வந்து, மற்றவர்கள் திருப்பினார்களா என்று பார்த்துவிட்டுப் போவாள். நாலு மாதத்தில் புண் மூடிவிட்டது. எரிந்து விழுவதையே பொழுதுபோக்காக வைத்திருந்த டீச்சரம்மா இவளை மட்டும் "சாமி" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அவளுக்கு இரண்டு வருடம் ஆனியில் முடிந்தது. நான் ஒரிஜினலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஜெர்மன் படித்தவள் தன் கெடு முடிந்ததும் சித்திரையிலேயே அண்ணனைக் கூட்டிவந்து சண்டை போட்டு வாங்கிக்கொண்டாள். இவள் கேட்கவில்லை. கேட்காதவளுக்கு எதற்குக் கொடுப்பது என்று இருந்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பீரோ கதவை மழைக்காலம் முழுவதும் நான் திறக்கவே இல்லை.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸுக்குள் வந்து நின்றாள்.

"ஏனுங்க மேடம், என்ற ஒரிஜினல் வேணுமுங்க. கவர்மென்ட் நர்ஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தனுங்க. புதங்கெழமை சேலத்துல சர்டிபிகேட் சரிபாக்கறாங்க. மலைமேலயே ஆஸ்பத்திரில ஒரு எடம் இருக்குதுங்க. கெடச்சா ஊட்டுல இருந்தே போயிட்டு வந்துக்கலாம். அம்மாவுக்கு முட்டி நொம்ப முடியலீங்க. இனி தோட்டத்து வேலைக்குப் போகாதன்னு சொல்லோணும்."

ஒரிஜினலை வாங்கிவைத்துக்கொண்டு விசாவுக்காகக் காத்திருந்த ஜெர்மன் படித்தவள் கிளம்பிப் போய் அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. மிச்சம் மூன்று பேர். அதில் ஒருத்திக்கு ஏழாம் மாதம், சீக்கிரமே பிரசவ லீவில் போய்விடுவாள். இவளும் போனால் ஒன்பது படுக்கைக்கு ஒரே ஒருத்தி. போன கூட்டத்தில்தான் இல்லத்தை நடத்தும் கமிட்டியில் சொல்லியிருந்தார்கள், நர்ஸ் கிடைக்காவிட்டால் படுக்கை வார்டை மூடிவிட்டு அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று. அந்த ஒன்பது பேரில் நாலு பேருக்கு அனுப்ப வீடே இல்லை. டீச்சரம்மா அந்த நாலில் ஒருவர். எல்லாம் ஒரு நொடியில் தலைக்குள் ஓடியது. வாய் தானாகப் பேசியது.

"பீரோ சாவி கமிட்டித் தலைவர்கிட்ட இருக்குது கண்ணு. அவரு மெட்ராஸ் போயிருக்காரு. வந்ததும் எடுத்துத் தர்றேன்."

சாவிக்கொத்து என் இடுப்பில்தான் இருந்தது.

"செரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போய்விட்டாள்.

அந்த நாலு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சனிக்கிழமை, தெரிந்த ஏஜென்ட்டுகளுக்கெல்லாம் போன் போட்டேன். "ஏற்காடா? பார்க்கிறேன் மேடம்" என்றார்கள். அந்தப் பார்க்கிறேனுக்கு என்ன அர்த்தம் என்று ஏழு வருடத்தில் எனக்குப் பாடம் ஆகியிருந்தது. பழைய நர்ஸ்கள் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டேன். ஒருத்தி எடுக்கவில்லை, ஒருத்தி எடுத்துக் குழந்தையை அழவிட்டுக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை சாவியை எடுத்துக்கொண்டு பீரோவரைக்கும் போனேன். போய் நின்று, கதவில் ஒட்டியிருந்த சாமி படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கொடுத்தால் ஒன்பது பேர் கெட்டார்கள், கொடுக்காவிட்டால் இவள் கெட்டாள். ஒன்பது பெரிதா ஒன்று பெரிதா என்று நான் போட்ட கணக்கில் விடை எனக்குச் சாதகமாகவே வந்தது. அப்படியும் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். "ஏம்மா, வராந்தாவுல குட்டி போட்ட பூனையாட்டம் சுத்தறயே, வேற சோலி இல்லியா?" என்று டீச்சரம்மா கட்டிலில் இருந்தபடியே கத்தினார்.

செவ்வாய்க்கிழமை மறுபடி வந்து கேட்டாள். "சாவி வந்துருச்சுங்களா மேடம்?"

"நாளைக்குக் காலைல வந்துரும்."

"மொத பஸ்ஸுக்குப் போனாத்தானுங்க நேரத்துக்குச் சேர முடியும்."

"பஸ்ஸுக்கு முன்னாடியே தந்தர்றேன், போ."

தரவேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னேனா, அவளை அனுப்பிவைக்கச் சொன்னேனா என்று இன்றைக்கு யோசித்தாலும் தெரியவில்லை. புதன்கிழமை காலையில் அவள் நீலச் சுடிதார் போட்டு, தலைக்குக் குளித்து, ஈரமுடியோடு ஆபீஸ் வாசலில் நின்றாள். அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. "தலைவர் நேத்தே டிரைவர்கிட்ட சாவி குடுத்தனுப்பிட்டாரு" என்று சொல்லிக்கொண்டே பீரோவைத் திறந்தேன். அதுவும் பொய்தான் என்பது திறந்த பிறகுதான் உறைத்தது.

கதவைத் திறந்ததும் ஊறவைத்து மறந்துபோன துணியின் வாடை வந்தது. அவளுடைய ஃபைலை எடுத்தேன். வெளியேற வழியில்லாத ஈரம் கவருக்கு உள்பக்கம் முத்து முத்தாக நின்றது. டேப்பைப் பிய்த்து, கவர்களை ஒவ்வொன்றாக உரித்தேன். மதிப்பெண் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை பூத்திருந்தன. பதிவுச் சான்றிதழில் முத்திரையின் ஊதா மை நாலாபக்கமும் ஓடி, எண் இருந்த இடத்தில் ஒரு கறைதான் இருந்தது. ஒட்டியிருந்த போட்டோ என் கையோடு வந்துவிட்டது.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் பதிலுக்கு நாலு கத்தியிருப்பேன். அவளோ புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரேயை எடுத்துவந்தாள். மேஜைமேல் துணியை விரித்து, ஒட்டியிருந்த தாள்களைப் பஞ்சை வைத்து ஒத்தி ஒத்தி, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். புண்ணிலிருந்து பழைய கட்டைப் பிரிக்கிற அதே பொறுமை. இரண்டு தாள் பிரிந்தது, ஒன்று கிழிந்தது. வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. எல்லாவற்றையும் ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மத்தியானம் மூன்று மணி பஸ்ஸில் திரும்பி வந்தாள்.

"பதிவு நம்பரே தெரியலீங்களாம் மேடம். டூப்ளிகேட் வாங்கிட்டு அடுத்த தடவ ஆள் எடுக்கும்போது வரச் சொல்லிட்டாங்க."

"அடுத்த தடவ எப்ப?"

"அது யாருக்குத் தெரியுங்க?" என்று சொல்லிவிட்டு யூனிஃபார்ம் மாற்றப் போனாள்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதி என்ன பயன்? அவள் சொன்னதைக் கேட்டதும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. வார்டு தப்பித்தது என்ற நிம்மதி. நாலு நாளாக இறங்காத சோறு அன்றைக்கு இறங்கியது. சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் என்னைப் பார்த்து எனக்கே அருவருப்பு வந்தது. சீ, நீயும் ஒரு மனுஷியா என்று கண்ணாடியைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன். அதைக் கேட்டுச் சமையல்கார அம்மா தன்னைத்தான் சொன்னேன் என்று நினைத்து ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

டூப்ளிகேட் வாங்குவதற்கு அவள் படித்த நர்சிங் பள்ளியில் மனு கொடுக்க வேண்டும், அவர்கள் சென்னையிலுள்ள நர்ஸ் பதிவு ஆபீஸுக்கு அனுப்புவார்கள் என்றாள். நானும் கூட வருகிறேன் என்றேன். அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேரும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இருபது கொண்டை ஊசி வளைவையும் கடந்து மலையிறங்கினோம்.

அந்தப் பள்ளி எனக்குப் புதிதில்லை. நான் வருடா வருடம் போனும் ஏரியுமாகப் போய் உட்காரும் பள்ளிகளில் அதுவும் ஒன்று. அவளையே அங்கேதான் எடுத்தேன். ஆபீஸ் கிளார்க் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். "வாங்க மேடம், வாங்க. இந்த வருஷம் சித்திரைக்கு முன்னாடியே ஆள் எடுக்க வந்துட்டீங்களா? பரீட்சையே இன்னும் முடியலீங்களே" என்று சிரித்தார். வராந்தாவில் கடைசி வருடப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ரெக்கார்டு நோட்டோடு நின்றிருந்தார்கள். நான் சும்மா தலையாட்டி வைத்தேன்.

அவள் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி மேஜை ஓரத்தில் நின்றபடியே மனு எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். "என்னுடைய கவனக்குறைவால் மேற்படி சான்றிதழ்கள் ஈரம் பட்டுச் சேதமடைந்துவிட்டன" என்று எழுதியிருந்தாள். முத்து முத்தான எழுத்து.

"இதென்ன கண்ணு? உன்ற கவனக்குறைவா?" என்றேன், கிளார்க்குக்குக் கேட்காதபடி.

"வேற என்னங்க எழுதறது?"

"நடந்தத எழுது. இல்லத்துல பூட்டி வெச்சிருந்தாங்கன்னு எழுது."

அவள் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சாவி உங்க இடுப்புலயே இருந்துச்சுன்னும் எழுதட்டுங்களா மேடம்?"

அதில் கோபம் இல்லை. எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும் என்று கேட்கிற குரல்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"வெள்ளிக்கெழமையே தெரியுமுங்க. பேசறப்ப கொத்தக் கையால மூடிக்கிட்டீங்க."

"தெரிஞ்சும் ஏன் கண்ணு ஒண்ணும் கேக்கல?"

"நீங்களே குடுத்துருவீங்கன்னு இருந்தனுங்க." மனுவைப் பார்த்தபடி சொன்னாள்: "உள்ளத எழுதுனா சித்திரையில நீங்க இங்க ஆள் எடுக்க வர முடியுங்களா? நானும் ஒரு நாளைக்குப் போயிருவனுங்க. அப்பறம் நம்ம ஆளுங்கள யாரு பாப்பாங்க?"

ஏழு வருடம் இந்தப் பெண்களைப் பூட்டு போட்டுத்தான் நிறுத்திவைக்க முடியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். தன் வேலையைக் கெடுத்தவளுக்கு ஆள் கிடைக்காமல் போய்விடக் கூடாதே என்று இவள் பழியைத் தன்மேல் எழுதிக்கொண்டிருக்கிறாள். அழுகை வந்தது. அடக்கவும் இல்லை. அவள் எழுதிய தாளை வாங்கி நாலாகக் கிழித்தேன். வேறு தாள் வாங்கி என் கைப்பட எழுதினேன். ஒரிஜினல்களை வாங்கி வைத்தது நான், கெடு முடிந்தும் கொடுக்காதது நான், கேட்டபோது சாவி இல்லை என்று பொய் சொன்னதும் நான். கீழே கையெழுத்துப் போட்டு, மேனேஜர் என்றும் எழுதி, அவள் புதிதாக எழுதித் தரும் மனுவோடு இதையும் சேர்த்து வையுங்கள் என்று கிளார்க்கிடம் நீட்டினேன்.

அவர் ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். சிரிப்பு போய்விட்டது.

"என்னங்க மேடம் இது? உங்கள நம்பித்தானுங்க எங்க புள்ளைங்கள மலைக்கு அனுப்பிட்டிருந்தோம். இதப் பாத்துட்டு இனி எப்படீங்க அனுப்பறது?"

ஆள் கிடைக்காத அடுத்த வருடமும், மூடப்போகிற வார்டும், அனுப்ப வீடில்லாத அந்த நாலு பேரும் கண்முன்னால் வந்து நின்றார்கள். வராந்தாவில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். கிளார்க் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. அனுபவிச்சவ நீதான். இவங்க எடத்துக்கு நம்ம புள்ளைங்கள அனுப்பலாமா, வேண்டாமா?"

அவள் பேனாவுக்கு மூடி போட்டாள். வெளியே நின்ற பெண்களைப் பார்த்தாள். என்னையும் ஒருமுறை பார்த்தாள்.

"அனுப்புங்க சார். வேலை நல்லாக் கத்துக்கலாம், பெரியவங்க பாசமா இருப்பாங்க" என்றாள். "ஒரிஜினல மட்டும் குடுத்து அனுப்பாதீங்க."